‘ஹபீஸ்’ இசைத்தட்டை நிறுத்திய கை

அன்பு மகனே,

நாங்கள் இருவரும் நலம் என்றுதான் உனக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்த முறை உன் அம்மா நலம் என்று மட்டும் எழுதுகிறேன். எனக்கு நான்கு நாட்களாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வெறும் பயம். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து, ‘பயப்படாமல் எழுந்து நின்று சொல்லு’ என்று சொன்னவன், இன்று மேசை முன்னால் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருக்கிறேன். காலையிலிருந்து இது மூன்றாவது தாள்.

பம்பாயிலிருந்து நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. கல்யாணம் நம் ராயபுரத்து மாதா கோயிலில்தான் என்று நீ எழுதியதைப் படித்து உன் அம்மா அழுதுவிட்டாள். யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று ஒழுங்காக எண் போட்டு எழுதியிருந்தாய். கடைசியில் அடிக்கோடு போட்டு ஒரு வரி: ‘மஸ்தானுக்கு வைக்க வேண்டாம். அவன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை.’ நம் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிற மஸ்தான். என்னிடம் படித்தவன். எட்டு வயதிலிருந்து உன் தட்டில் சாப்பிட்டவன், அவன் தட்டில் நீ சாப்பிட்டாய். ஏழு வருஷமாக நீ அவனோடு பேசவில்லை. உங்கள் இசைத்தட்டை அவன் பாழாக்கினான் என்று நினைக்கிறாய். அவன் பாழாக்கவில்லை. நான்தான் பாழாக்கினேன். இதைக் கிழித்துப் போடுவதென்றால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரவில்லை. இதன் நகல் ஒன்று நம் தெருப் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் போகப்போகிறது. என்னிடம் படித்த பாதிப் பேர் அங்கேதான் மாலையில் கேரம் ஆடுகிறார்கள். அவர்கள் படிப்பார்கள். ஏன் இப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அறுபதுகள் முடிகிற சமயம் அது. நீ எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தாய். கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கத் தொடங்கியவன், ரோசாரியோவும் செல்வமும் சேர்ந்ததும் கல்யாண வீடுகளில் இங்கிலீஷ் பாட்டு வாசிக்கப் போனாய். ரோசாரியோவின் வீட்டில் அவன் மாமா ரயில்வே கிளப் நடனங்களில் வாசித்த பழைய ஆர்கன் இருந்தது. செல்வம் வியாசர்பாடியில் பாக்ஸிங் பழகியவன். கையுறையைக் கழற்றிய கையோடு டிரம்ஸ் முன்னால் உட்காருவான். உன் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பலகை அறுத்துக் கொடுத்தவர் காசிமேட்டில் படகு கட்டுகிற ஆசாரி. ஆம்ப்ளிஃபயர், திருவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற மைக் செட். அதுவரைக்கும் எனக்குப் பெருமைதான். ஆசிரியர் அறையில் உன்னைப் பற்றி நானே பேச்செடுத்திருக்கிறேன்.

பிறகுதான் அந்த இசைத்தட்டுகள் வந்தன. மஸ்தான் அப்போது துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வெளிநாட்டுக் கப்பல் ஆட்கள் கேட்டுச் சலித்த தட்டுகளை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பாட்டு என்றால் வார்த்தை கொஞ்சம்தான். மீதியெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் நான்கு பேரும் முன்னறையில் தரையில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் கேட்பீர்கள். உன் தலைமுடி தோளுக்கு வந்தது. ஊதுவத்தி வாசம் வந்தது. ஊதுவத்தி எதை மறைப்பதற்கு என்று எனக்குச் சந்தேகம் வந்தது. உடன் வேலை பார்த்த ஒருவர் ஒருநாள், ‘சார், உங்க பையன் கஞ்சா கோஷ்டியோட சேந்துட்டானாமே?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றிலிருந்து நீ கழற்றிப் போட்ட சட்டைகளைத் துவைக்கப் போடுவதற்கு முன்னால் நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன். பையைத் துழாவியிருக்கிறேன். ஒரு தடவைகூட எதுவும் கிடைத்ததில்லை. ஒரு தாள் கிடைத்தது, அதில் வட்டம் வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தாய். அது என்னவென்று புரியாததால் அதற்கும் பயந்தேன்.

அந்த வட்டங்களுக்கு அர்த்தம் தெரிந்தது திருவொற்றியூரில், நீங்கள் பழகிக்கொண்டிருந்த அந்தக் காலிக் கிடங்கில். தகரக் கூரை. மூன்று பேரும் சேர்ந்து வாசித்தால் பக்கத்தில் நிற்பவன் கத்துவது கேட்காது. ‘இப்போது ஏற்று’, ‘இப்போது குறை’ என்று ஒருவருக்கொருவர் சொல்ல முடியாமல் தவித்தீர்கள். வேடிக்கை பார்க்க வந்த மஸ்தான் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, விளையாட்டாக, துறைமுகத்தில் கிரேனுக்குக் காட்டுகிற சைகையைக் காட்டத் தொடங்கினானாம். சிரித்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி வாசித்துப் பார்த்தீர்களாம். அதிலிருந்து எழுதி வைத்த பாட்டு என்பதே இல்லாமல் போயிற்று. அவன் கை எங்கே போகிறதோ அங்கே நீங்கள். உங்கள் குழுவுக்கு ‘நாலாம் நம்பர் ஹாட்ச்’ என்று பெயர் வைத்ததும் அவனால்தான். கப்பலில் சரக்கை ஏற்றி இறக்குகிற திறப்பு அது; அதன் விளிம்பில்தான் அவன் நிற்பான்.

நான் ஒருநாள் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது உங்களைத் திட்டினேன், நினைவிருக்கிறதா? ‘தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, இது என்னடா பாட்டு?’ என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். மஸ்தான்தான் பதில் சொன்னான். ‘சார், நாங்களும் இது பாட்டுன்னு எங்கியும் சொல்லலியே சார். இது ஒரு பேஜாரு. கேக்கறவனுக்கும் பேஜாரு, வாசிக்கறவனுக்கும் பேஜாரு.’ செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் உன்னைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு தளர்ந்துவிடும் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அன்று தேநீர் குடிக்கும்போது அவன் தன் வேலையைப் பற்றி எனக்கு விளக்கினான். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. கீழே சரக்கைக் கட்டுகிற ஆட்களும் தெரியாது. திறப்பின் விளிம்பில் நிற்கிற சைகைக்காரனின் கை ஒன்றுதான் தெரியும். விரலைச் சுழற்றினால் ‘ஹபீஸ்’, அதாவது தூக்கு; உன் தாளில் இருந்த வட்டம் அதுதான். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் ‘ஆரியா’, இறக்கு. கையை உயர்த்தி முஷ்டியை மடக்கினால் நில்லு. நான் வாத்தியார் அல்லவா, கேள்வி கேட்டேன். ‘இரண்டு பேர் இரண்டு விதமாகச் சைகை காட்டினால்?’

‘அது நடக்கவே கூடாது சார். ஹபீஸும் ஆரியாவும் ஒருத்தன்தான் காட்டணும். ஆனா நில்லு மட்டும் யார் வேணா காட்லாம். கோணி தைக்கிற ஆளு காட்னாலும் டிரைவரு கப்புனு நிறுத்தணும்.’

‘யார் வேண்டுமானாலும் என்றால், விளையாட்டுக்குக் காட்டிவிட்டால்?’

‘காட்டட்டும். ஆனா காட்னவன் அப்பால முன்னாடி வந்து நிக்கணும் சார். நான்தான் காட்னேன், இன்னாத்துக்குன்னா இதுக்குன்னு எல்லார் எதிர்லயும் சொல்லணும். சொல்லாம நைசா நழுவிட்டான்னு வையிங்கோ, அவன்கூட எவனும் வேலைக்கு நிக்க மாட்டான்.’

அது நல்ல ஒழுங்கு என்று நான் பாராட்டினேன். மறுவாரம் வகுப்பில் உதாரணமாகக்கூடச் சொன்னேன்.

ஒரு சின்னக் கம்பெனிக்காரர் உங்களைக் கேள்விப்பட்டு, டேப் மெஷினோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. அவரிடம் இருந்த டேப், தட்டின் இரண்டு பக்கத்துக்குத்தான் போதும். அன்று ஒரு நாள்தான் அவருக்கு நேரம். திருத்த முடியாது, திரும்ப எடுக்க முடியாது. நீ காலையில் என்னிடம் வந்து, ‘அப்பா, நீங்களும் வந்து உக்காருங்க. ஒரே ஒரு தடவை முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க’ என்றாய். இருபத்திரண்டு வயதில் ஒரு பிள்ளை அப்பாவைத் தன் இடத்துக்குக் கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. அது எனக்கு இப்போது புரிகிறது. அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆய்வுக்கு வருகிற இன்ஸ்பெக்டர் மாதிரி வந்தேன்.

எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் கோணி தொங்கவிட்டிருந்தீர்கள். பகலிலேயே அரைவெளிச்சம். நடுவில் பெட்டி மேல் மஸ்தான், அவனும் வெள்ளைச் சட்டை. அவனுக்கு எதிரே நீங்கள் மூவர். அவன் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு தகரப் பெட்டியில் நான். கம்பெனிக்காரர் மூலையில் காதை மூடிக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பக்கம் நன்றாகவே முடிந்தது. எனக்குப் பிடித்தது என்றுகூடச் சொல்வேன். ஆர்கன் பனிமூட்டத்தில் கப்பல் ஊதுகிற மாதிரி ஆரம்பித்தது. உன் கிட்டார் அதைச் சுற்றிச் சங்கிலி இழுபடுகிற மாதிரி வந்தது. இடைவேளையில் நீ என்னைப் பார்த்தாய். நான் தலையசைத்தேன். ஏழு வருஷத்தில் நான் நினைத்துப் பார்க்கிற ஒரே நல்ல நேரம் அந்தத் தலையசைப்புதான்.

இரண்டாவது பக்கத்தில் மஸ்தான் விரலைச் சுழற்றத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. ஹபீஸ், ஹபீஸ், ஹபீஸ். ஏறிக்கொண்டே போயிற்று. செல்வத்தின் அடி சரக்கு ரயில் பாலத்தில் போகிற மாதிரி ஆனது. தகரக் கூரை நடுங்கியது, என் பற்கள் நடுங்கின. வகுப்பில் சத்தம் ஏறுவதைக் கேட்டுப் பழகியவன் நான். ஓர் அளவுக்கு மேல் அது தானாக இறங்கும் என்று தெரியும். இது இறங்கவில்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் கண் மேலே செருகியிருந்தது. வாய் திறந்திருந்தது. நரம்புகளின் மேல் உன் விரலில் ரத்தம். ஐந்து வயதில் உனக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, ராயபுரம் ரயில்வே கேட் மூடியிருக்க, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேனே, அன்று பார்த்த அதே முகம். எழுந்தேன். மஸ்தானின் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவன் சுழலும் விரலுக்குப் பக்கத்தில் என் கையைத் தூக்கினேன். முஷ்டியை மடக்கினேன்.

வலிப்பு என்று நினைத்துப் பதறிவிட்டேன் என்று எழுதி இங்கேயே நிறுத்தத்தான் ஆசை. முதல் இரண்டு தாள்களில் அப்படித்தான் எழுதினேன், கிழித்துப் போட்டேன். அது வலிப்பு இல்லை என்பது எழுந்து நின்ற உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் விரல்கள் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நீ நன்றாகத்தான் இருந்தாய். எனக்குத் தெரியாத, நான் வர முடியாத ஒரு இடத்தில் நன்றாக இருந்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழக்கத்தில் வாத்தியார் கை தானாக எழுந்தது என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. வகுப்பில் பிள்ளைகளை அடக்க நான் காட்டுவது விரித்த கை. அன்று நான் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். அதன் அர்த்தம் தெரிந்து மடக்கினேன்.

செல்வம் நின்றான், ரோசாரியோ நின்றான். கண் செருகியிருந்த நீ மட்டும் தனியாகச் சிறிது நேரம் ஓடி, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்து நின்றாய். அதற்குள் நான் கையை இறக்கி உட்கார்ந்துவிட்டேன்.

‘எவன்டா நிறுத்தினது?’ என்றாய்.

‘மஸ்தான் கைய மடக்கினான்டா. நான் பாத்தேன்’ என்றான் செல்வம். ரோசாரியோவும் பார்த்ததாகச் சொன்னான். அரைவெளிச்சத்தில் அவர்கள் பார்த்தது ஒரு வெள்ளைச் சட்டைக் கை.

‘டேய் மாமு, நான் இன்னாத்துக்குடா நிறுத்தப்போறேன்? நான் சுத்திக்கினுதான கீறேன்! அம்மா சத்தியமா மடக்கல.’

‘ரெண்டு பேர் பொய் சொல்றாங்களா?’ என்றாய் நீ.

‘பொய்னு நான் சொன்னேனா? மடக்கலன்னு சொல்றேன்.’

நீ அவன் சட்டையைப் பிடித்தாய். அந்த இடத்தில் நான் வாய் திறந்தேன், மகனே. நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் நாலு பேர் சண்டை போடுகிற இடத்தில் முப்பது வருஷமாக என் வாயிலிருந்து வருகிற குரல்தான் வந்தது. ‘சத்தம் போடாதீர்கள். மஸ்தான், நீ தெரியாமல் கையை மடக்கியிருப்பாய். மனிதனுக்கு நடப்பதுதான். ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள், முடிந்தது’ என்றேன். குற்றம் செய்தவனே நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பும் சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எட்டு வயதிலிருந்து நம்பியவன். தன் கையைப் பார்த்தான். ‘தெரியாம மடக்கிட்டேன் போலடா. மன்னிச்சுக்கோ’ என்றான். நீ மன்னிக்கவில்லை.

கம்பெனிக்காரர் இருந்ததை இருந்தபடியே தட்டாக்கினார். ‘ஹபீஸ்’ என்று பெயர் போட்டு, சின்ன அளவில் வெளியிட்டார். இரண்டாவது பக்கம் பாதியிலேயே அறுந்து நிற்கும். வாங்கினவர்கள் தட்டு பழுது என்று திருப்பிக் கொடுத்ததாகக் கேள்வி. குழு கலைந்தது. நீ பம்பாய்க்குப் போனாய். அங்கே கப்பல் பழுது பார்க்கிற வேலையில் நல்ல பெயர் எடுத்தாய், அதில் சந்தோஷம். கிட்டாரைத் தொட்டாயா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நீ சொல்லப்போகிற பதிலுக்குப் பயம். போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து நம் வீட்டுக்கு வந்தான். ‘கடைசியில டக்குன்னு நிக்குது பாருங்க சார், அங்க எனக்கு மயிர்க்கூச்செறியுது’ என்றான். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஒருவேளை நான் செய்தது நல்லதுக்குத்தானோ என்று அன்று இரவு படுக்கையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்தவன் விடைத்தாளில் நான் எழுதிய வரிக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தாலும், அது அவன் எழுதியது ஆகாது. வருஷத்துக்கு எழுபது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வருஷம் பிடித்தது.

உன் பட்டியல் வந்த அன்று மாலை மஸ்தான் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் பேசிச் சமாதானம் செய்கிறேன், கல்யாணத்துக்கு வா என்று சொல்வதாக யோசனை. இப்போதும் பார், என் குற்றத்தை நடுவில் எடுக்காமலே மத்தியஸ்தம் செய்யத்தான் போனேன். ஏழு வருஷத்தில் அவனைத் தெருவில் பார்த்தால் கையசைப்பேன், நின்று பேச மாட்டேன். தினமும் துறைமுகப் பக்கம் போகிறான், வருகிறான். அதற்கு மேல் கேட்டதில்லை. அவன் மனைவி, ‘அவரு இன்னும் கோணிக் கிடங்குலதான் கீறாரு சார்’ என்றாள். கோணிக் கிடங்கில் அவனுக்கு என்ன வேலை என்று எண்ணிக்கொண்டே போனேன். கிழிந்த மூட்டைகளை வைத்துக்கொண்டு வரிசையாகப் பத்துப் பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே, தலையிலும் புருவத்திலும் கோணித்தூசியோடு, மஸ்தான்.

‘இங்கே என்ன செய்கிறாய்? உன் வேலை ஹாட்சில் அல்லவா?’

‘அத வுட்டு ஏயு வருசம் ஆச்சே சார். உங்களுக்குத் தெரியாதா?’

‘ஏன் விட்டாய்?’

அவன் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். ‘நீங்கதானே சார் அன்னிக்கி சொன்னீங்கோ, தெரியாம மடக்கிட்டேன்னு. வூட்டுக்குப் போயி யோசிச்சேன். மூணு பேரு பொய் சொல்ல மாட்டீங்கோ. அப்போ என் கை எனக்கே தெரியாம மடங்குது. அன்னிக்கி நில்லுன்னு காட்டிச்சு, போவுது. நாளைக்கி எனக்குத் தெரியாம ஆரியான்னு காட்டிச்சுன்னா? கீய பன்னண்டு பேரு நிப்பான் சார். அவன் பொஞ்சாதி புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது? மேஸ்திரிகிட்ட போயி என்ன வேற வேலைல போடுன்னு சொல்லிட்டேன்.’

மூன்று பேர் என்று அவன் எண்ணியதில் மூன்றாவது ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் வாங்கிக்கொடுத்த தேநீரைக் குடித்தேன். ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்றேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாக்கியம் ஒரு மனிதனின் கையை அவனுக்கே அந்நியமாக்கிவிடும் என்பதை மொழி கற்றுக்கொடுத்த நான் அறிந்திருக்க வேண்டும். ஒரு ஆசிரியர் சொல்லுகிற ‘தெரியாமல்’ என்ற சொல்லை மாணவன் எவ்வளவு தூரம் சுமப்பான் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, ‘கல்யாணம் முடியட்டுமே. அப்புறம் எழுதுங்களேன். அவன் கோபத்துல வராம போயிட்டா?’ என்றாள். அவளைக் குறை சொல்லாதே. அவள் பயமும் என் பயமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. ‘ஏழு வருஷமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏதாவது ஒன்று முடியட்டும், முடியட்டும் என்று’ என்றேன். அவள் எழுந்து போய் எனக்குச் சட்டை எடுத்து வைத்தாள்.

நேற்றுக் கோணிக் கிடங்குக்கு மறுபடியும் போனேன். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ‘மஸ்தான், அன்று கையை மடக்கியது நான். உன் பின்னாலிருந்து நான் காட்டினேன். உன் கை மடங்கவே இல்லை. தெரிந்துதான் காட்டினேன், தெரிந்துதான் மறைத்தேன்.’

அவனுக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். ‘இன்னொரு தபா சொல்லுங்கோ சார்’ என்றான். சொன்னேன். ‘இன்னொரு தபா.’ சொன்னேன். அவன் எழுந்தான். ‘டேய், எல்லாரும் இங்க வாங்கடா. காசிம் பாய், நீயும் வா. சார் இன்னாவோ சொல்றாரு, கேளுங்கோ’ என்று கத்தினான். பத்துப் பேரும் ஊசியும் கையுமாக வந்து நின்றார்கள். ‘இவங்கோ எதிர்ல சொல்லுங்கோ. நான் ஒயுங்கா இருந்த வேலைய வுட்டுட்டு வந்தவன்னு இவங்கோ என்ன கிறுக்கன்னு கூப்டுறாங்கோ. சொல்லுங்கோ.’ வகுப்பில் பிள்ளைகளை முட்டி போட வைத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. சொன்னேன். காசிம் பாய் என்ற பெரியவர் மட்டும், ‘இன்னா வாத்யாரே இது?’ என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனார். எல்லார் எதிரிலும் குற்றவாளியாக்கியவனை மூடின உறைக்குள் விடுவிக்க முடியாது. படிப்பகத்துக்கும் இது போவது அதனால்தான்.

மஸ்தான் என்னை மன்னித்தானா என்று கேட்பாய். தெரியவில்லை. ‘போங்க சார். இப்போ போங்கோ. நான் கோவமா கீறேன். ஏதாச்சும் கலீஜா பேசிடுவேன்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, ‘அவனுக்கு எயுதுங்கோ. இன்னிக்கே எயுதுங்கோ’ என்றான். ஹாட்ச் வேலையைத் திரும்பக் கேட்பானா, கேட்டால் இத்தனை வருஷம் கழித்துக் கொடுப்பார்களா, எனக்குத் தெரியாது. கொடுத்தாலும் அந்த விளிம்பில் மறுபடி நிற்க அவனால் முடியுமா என்றும் தெரியாது. ஏழு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர எந்தப் பாடப் புத்தகத்திலும் வழி இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் மனைவி ஒருநாள் உனக்குப் புரியாத ஒரு சந்தோஷத்தில் இருப்பாள். அது ஒரு வேலையாக இருக்கலாம், ஒரு படிப்பாக, ஒரு சிநேகிதியாக, ஜபமாகக்கூட இருக்கலாம். நீ வெளியே நிற்பாய். உனக்குப் பயமாக இருக்கும். நீ என் பிள்ளை, கட்டாயம் பயமாக இருக்கும். அப்போது, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று வாயைத் திறந்து சொல். அவள் சிரித்தாலும் சொல். பயத்தை அக்கறை என்று பெயர் மாற்றி அவளை நிறுத்திவிடாதே. நான் உன் சட்டையை முகர்ந்ததும் அக்கறை என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. உன் பிள்ளை உன்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டால், போய் உட்கார்ந்து கடைசி வரை கேள். முடிந்த பிறகு திட்டு.

என்னை என்ன செய்யப்போகிறாய் என்று தெரியாமல்தான் நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. கோயிலில் முன்வரிசையில் நான் உட்காரக் கூடாது என்று நீ நினைத்தால், அம்மா உட்காரட்டும், நான் வெளியே மணிக்கூண்டுப் பக்கம் நிற்கிறேன். வரவே வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் பட்டியலின் கடைசி வரியை அடித்துவிடு. மஸ்தானுக்கு நான் பத்திரிகை வைக்கப்போவதில்லை; அது உன் கையெழுத்தில், அவன் பெயருக்கு, பம்பாயிலிருந்து வர வேண்டும். ஒரு வரி போதும். அவன் கை மடங்கவில்லை என்று நீ எழுத வேண்டும். என் வார்த்தையை அவன் இனி நம்ப வேண்டிய அவசியமில்லை. உன் வார்த்தையை நம்புவான்.

இன்னும் எழுதலாம். எழுத நேரமில்லை. காலை ஏழு மணியிலிருந்து மஸ்தான் வாசலில் நிற்கிறான். உள்ளே வா என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள், வரவில்லை. காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டான். தபாலாபீஸ் வரைக்கும் என்னோடு வரப்போகிறானாம். எதற்கு என்று கேட்டேன். ‘நீங்க பொட்டில போடறத என் கண்ணால பாக்கணும் சார்’ என்கிறான்.

உன்
அப்பா